என்னை வெளியே போகச் சொன்னது யார்?

கையெழுத்துப் போடுவதே எனக்குப் படம் வரைகிற வேலை. வாய்ப்பேச்சு மட்டும் நன்றாக வரும். அதனால்தான், எங்கள் பட்டாசு ஆலை வெடித்து ஒரு வருஷம் கழித்து, ஆயுத பூசையன்று முதலாளி என்னிடம் மைக்கைக் கொடுத்தார்.

"சாமி ஒன்னயக் காப்பாத்துன கதையச் சொல்லுலே."

சொன்னேன். வெடிமருந்து கலக்கும் அறையில் நாலு பேர் இருந்தோம். சாமி கூப்பிட்டது மாதிரி நான் மட்டும் வெளியே வந்தேன். அறை வெடித்தது. மூன்று பேரும் போய்விட்டார்கள். எல்லோரும் கைதட்ட, நானும் குட்டிச் சாமியார் மாதிரி கும்பிட்டேன்.

செத்துப்போன மாரியப்பனின் மனைவி எழுந்தாள். "அண்ணே, ஒங்களக் கூப்பிட்ட சாமி எங்க வீட்டுக்காரர ஏன் கூப்பிடல?"

"அது விதிம்மா, உக்காரு" என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆர்டர் அவசரமென்று, மருந்தைத் தொடவே கூடாத உச்சி வெயிலிலும் எங்களை உள்ளே உட்கார வைத்தது விதியா, இவரா? அதை மூடி மறைக்க என் வாய்தான் கிடைத்ததா?

அப்போதுதான் அன்றைக்கு நடந்ததை ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். நான் அடித்த கிண்டலில் சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கை ஆடியது. மாரியப்பன்தான் திட்டினான்: "மருந்து சிந்துதுலே. வெளிய போயி சிரிச்சு முடிச்சுட்டு வா."

எல்லாவற்றையும் மைக்கிலேயே சொன்னேன். மைக்கைப் பிடுங்கினார்கள். வேலையும் போனது.

இப்போதும் கோயிலுக்குப் போகிறேன். கண்ணை மூடினால் மாரியப்பன் திட்டுவதுதான் கேட்கிறது. அதற்குத்தான் கும்பிடுகிறேன்.