ரொக்கீனா கேட்டதும் கேளாததும்

ஒரு கோயிலுக்குள் முதன்முதலாகக் கால் வைக்கிறவர் மூன்று வரம் கேட்கலாம், கிடைக்கும் என்பார்கள். தெற்கு இத்தாலியின் பசிலிகாட்டா மலைகளில் இதை நம்பாதவர்கள்கூடக் கேட்காமல் விடுவதில்லை.

ரொக்கீனா மலைமேல் இருக்கும் மாதா கோயிலில் கேட்டாள். அப்போது அவள் கணவன் கானியோ பெல்ஜியத்துக்கு நிலக்கரி வெட்டப் போய் நாலு வருடமாகியிருந்தது. கைக்குழந்தையாக அவன் விட்டுப்போன மகள் ஜெரார்தா அப்பாவைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். ஊர்ப் பெண்களோடு வெறுங்காலில் மலையேறிய ரொக்கீனா, வாசலைத் தாண்டியதும் மூச்சு வாங்க மூன்றையும் கேட்டுவிட்டாள். பிள்ளைக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல் நிற்க வேண்டும். கிழட்டுக் கழுதை இந்தக் குளிரைத் தாங்க வேண்டும். கானியோ வீடு திரும்ப வேண்டும், அப்புறம் எங்கேயும் போகக் கூடாது.

காய்ச்சல் நின்றது. கழுதை பிழைத்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே கானியோ வந்து இறங்கினான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் படிகளில் அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து வந்தான். சுரங்கத்துத் தூசி நெஞ்சு முழுக்கப் படிந்துவிட்டது, இனி எந்த வேலைக்கும் ஆகமாட்டான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதன்பிறகு அவன் எங்கேயும் போகவில்லை. கீழே சதுக்கத்துக்குப் போனால் திரும்ப ஏற முடியாது. ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, போவோர் வருவோரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பான். ரொக்கீனா அடுத்தவர் வயலில் களை எடுத்தாள், ஒலிவக்காய் பொறுக்கினாள்.

ஒருநாள் அவனுக்கு அவரை சூப் ஊற்றிக் கொடுக்கும்போது மனசு தாங்காமல் சொல்லிவிட்டாள்.

"நாந்தான்யா உன்னை இப்படி ஆக்கிட்டேன்."

"என்னடி உளர்ற?"

கோயிலில் கேட்டதை எல்லாம் சொன்னாள். கானியோவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அடிப் பாவி, கழுதைக்கு அப்புறந்தான் நானா? அங்க என்கூடக் குழியில எறங்குனவன் எல்லாந்தான் இருமுறான். அவனுங்க பொண்டாட்டி எல்லாருமா மலையேறிக் கேட்டாளுங்க?"

அவளும் சிரித்தாள். ஆனால் நெஞ்சிலிருந்து அது இறங்கவில்லை. 'நல்லபடியாக' என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருக்கலாமே என்றுதான் களை பிடுங்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

கடைசிக் குளிர்காலத்தில் அவனால் படுத்துத் தூங்க முடியவில்லை. அந்த நேரம் பக்கத்து ஊரில் புதுக்கோயில் கட்டித் திறந்திருந்தார்கள்.

"ரொக்கீ, அங்க நீ இன்னும் போகல இல்ல?"

"இல்ல."

"போய்க் கேட்டுப் பாரேன். மூணெல்லாம் வேணாம். கொஞ்சம் மூச்சு. அவ்வளவு போதும்."

அவன் வாயிலிருந்து இப்படி வந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது. கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள். புதுக்கோயிலின் கதவு திறந்தேதான் கிடந்தது. வாசலில் நின்றாள். போன முறை கேட்டதற்கு மாதா அவனை அனுப்பி வைத்த விதம் கண்முன் வந்தது. இப்போது மூச்சைக் கேட்டால் அது யாரிடமிருந்து எடுக்கப்படும்? ஜெரார்தாவின் முகம் நினைவுக்கு வந்ததும் திரும்பி நடந்துவிட்டாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்ப சரி." அன்று அவன் ரொட்டி இன்னொரு துண்டு வாங்கித் தின்றான்.

மார்ச் மாதத்தில் இறந்துபோனான். அவனிடம் சொன்ன பொய்யை அவள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் புதிதாக எந்தக் கோயிலுக்குள்ளும் அவள் நுழையவுமில்லை.

ஜெரார்தா வளர்ந்து வடக்கே டூரின் நகரத்தில் தையல் வேலைக்குப் போனாள். அங்கேயே ஒரு நல்ல பையனைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணம் ரொக்கீனா இதுவரை கண்டிராத ஒரு செங்கல் கோயிலில். படியருகே வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது.

"வாம்மா, எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க."

"நீ போடி. நான் இங்கேர்ந்தே பாக்குறேன்."

ஜெரார்தாவுக்குப் புரிந்துவிட்டது. "அப்பா எங்கிட்டச் சொல்லியிருக்காரு, கழுதை சமாச்சாரத்தை. நீ ஒண்ணும் கேக்காத. வாய மூடிட்டு வா."

"வாய மூடலாம். மனச என்னடி பண்ண?"

"ஜெபம் சொல்லிக்கிட்டே வா. அப்பாவும் இல்ல, நீயும் வரலன்னா நான் யார் கையப் புடிச்சுட்டு நடக்குறது?"

ரொக்கீனா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாதா ஜெபத்தை இடைவெளியே விடாமல், ஒரு நினைப்பும் உள்ளே புகமுடியாதபடி முணுமுணுத்துக்கொண்டே பீடம்வரை நடந்தாள். உதடு காய்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, சம்பந்திக்கு எவ்வளவு பக்தி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில்தான் அவளுக்கு உறைத்தது. உலகத்தில் எந்தத் தாயும் அந்த வாசலில் பிள்ளைக்காக ஏதாவது கேட்டிருப்பாள். இவள் ஒன்றுமே கேட்காமல், குளிரில் துணியில்லாமல் நிறுத்துவதுபோல மகளை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அழ ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை.

எதிரே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "யாரு தவறிட்டாங்கக்கா?"

"யாருமில்லம்மா. மகளுக்குக் கல்யாணம்."

அந்தப் பெண் ஆரஞ்சில் பாதியை எடுத்து அவள் கையில் வைத்தாள். ரொக்கீனா அதைப் பிடித்தபடியே நேப்பிள்ஸ்வரை போனாள்.