லிஸ்பனில் பிரித்த கடிதம்

காலை பதினொரு மணிக்குத் தபால்காரர் மொத்தத் தபால் கட்டையும் முதல் வீட்டுத் தெரு ஜன்னலில் வைத்துவிட்டு, சைக்கிளை விட்டு இறங்காமலே போய்விடுவார். பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் ஒரே கேட்டுக்குள் எட்டு வீடுகள். கடிதங்களை வீட்டுவாரியாக அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது முதல் வீட்டுச் சார்ட்டர் மாமாவின் வேலை. யாரும் கொடுத்த வேலை அல்ல. ரயில் தபாலில் சார்ட்டராக இருந்து, ஓடும் வண்டியில் நின்றபடியே நாற்பது வருடம் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துப் போட்டவர்; ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். குளித்து, சட்டை மாட்டி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அனுப்பியவர் பெயர் உள்ளங்கைக்குள் மறையும்படி கவரைப் பிடித்து வருவார். பனியனோடு வந்து அவர் ஒரு கார்டைக்கூடக் கொடுத்ததில்லை.

எனக்கு அப்போது இருபது வயது. பி.காம். முடித்து, வேலை கிடைக்காததை யாரும் கவனித்துவிடாதபடி தீவிரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததெல்லாம் சிவாஜிநகர் நடைபாதையில் வாங்கிய, அட்டை போன உளவு நாவல்கள். உலகப்போர் நடக்கும், கதையோ போரில் சேராத ஒரு நாட்டில், பெரும்பாலும் போர்ச்சுகலின் லிஸ்பனில், நடக்கும். ஒரே ஓட்டலில் ஜெர்மன்காரனும் இங்கிலீஷ்காரனும் அடுத்தடுத்த மேஜையில் காபி குடிப்பார்கள். சுட்டுக்கொள்ள மாட்டார்கள், ஒருவன் கடிதத்தை இன்னொருவன் திருடிப் படிப்பான். உடம்பு நோகாத வீரம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு மாசி மாதக் காலையில், "கண் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துடறேம்பா, கட்டைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று மாமா என்னை ஜன்னலருகே உட்கார வைத்துவிட்டுப் போனார். அந்தக் கட்டுக்குள் மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்கு மதராஸிலிருந்து ஒரு கவர் இருந்தது. அவளுக்கு அங்கே யாரோ ஒருவன் இருக்கிறான் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். எங்கள் வீட்டு அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. லிஸ்பனில் எப்படிச் செய்வார்களோ அப்படியே கவரை ஆவியில் காட்டிப் பிரித்தேன். உள்ளே இருந்தது அவளுடைய அத்தை. முடி கொட்டுவதற்கு வெந்தயம் போட்டு எண்ணெய் காய்ச்சும் முறையை இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தார்.

மாமா திரும்பி வந்து தபால் கட்டை எடுத்தார். அந்தக் கவரின் மடிப்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். என்னைப் பார்த்தார். பசை எடுத்து ஓரத்தை ஒட்டிக் காயவைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். "கவர் ஏன் சார் இப்படி சுருங்கியிருக்கு?" என்று அந்தப் பெண்ணின் அப்பா, மூன்றாம் வீட்டுக்காரர், கேட்டது என் காதில் விழுந்தது. "வழியில மழைல நனைஞ்சிருக்கும்" என்றார் மாமா. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். பெங்களூரிலிருந்து மதராஸ் வரை எங்கும் பெய்யாத மழையை வரவழைத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, பக்கத்து இலக்கிய மன்றத்தின் ஆண்டு மலருக்கு நானே ஓர் உளவுக்கதை எழுதினேன். நான் லிஸ்பனைப் பார்த்ததில்லை. அல்சூர் ஏரியைத் துறைமுகமாக்கிக்கொண்டேன். கதையில் ஒரு போர்டிங் ஹவுஸ்காரன். இரு தரப்பு ஒற்றர்களும் அவன் விடுதியில்தான் தங்குகிறார்கள். குளித்து, கோட்டு மாட்டி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எல்லோர் கடிதத்தையும் அறைக்கே கொண்டுபோய்க் கொடுப்பான். அதற்கு முன் ஒவ்வொன்றையும் ஆவியில் பிரித்துப் படித்திருப்பான். வில்லனுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒன்று இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

எட்டு வீட்டிலும் படித்தார்கள். என் எழுத்தை அத்தனை வீட்டில் படித்தது அதுவே முதலும் கடைசியும். மூன்றாம் வீட்டுக்காரர் குழாயடியில் என் முதுகில் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "மாசி மாசத்துல ஏதுய்யா மழை? எனக்கு அன்னைக்கே டவுட்டு. பையன் எப்படிப் புடிச்சிட்டான் பாருங்க!" என்றார். நான் சிரித்தேன். இன்றும் எனக்குப் புரியாத சிரிப்பு அது.

ஒரு வாரத்தில் ஒவ்வொரு வீடாக, நேரே தங்களிடமே கொடுக்கும்படி தபால்காரரிடம் சொல்லிவைத்தார்கள். பதினொரு மணிக்கு மாமா சட்டையோடு ஜன்னலில் இருப்பார். சைக்கிள் அவரைத் தாண்டிக் கேட்டுக்குள் போகும்.

ஒருநாள் மாமா மலரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நல்லா எழுதியிருக்கப்பா. ஆவி பட்டா மடிப்பு எப்படிச் சுருங்கும்னு கரெக்டா போட்டிருக்க. நாப்பது வருஷ சர்வீஸ்ல நானே ரெண்டு மூணுதான் பாத்திருப்பேன்."

"தேங்க்ஸ் மாமா" என்றேன். உண்மையிலேயே அதைத்தான் சொன்னேன்.

அவர் மலரை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மூணாம் வீட்ல மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடறியா? மத்தவங்க என்ன நினைச்சாலும் போவுது."

"சொல்லிடறேன் மாமா."

சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் எழுத்தாளன் என்று ஒரு பெயர் வந்திருந்தது. இரண்டு தரப்புக்கும் நல்லவனாக, போரில் சேராத நாடாக இருந்துவிட்டேன். மூன்று மாதத்தில் மாமா வீட்டைக் காலி செய்து ஒக்கலிபுரத்தில் மகள் வீட்டுக்குப் போனார். சில வருடங்களில் இறந்தும் போனார். சாவுக்கு எங்கள் காம்பவுண்டிலிருந்து யாரும் போகவில்லை.

போன மாதம் என் நகைச்சுவைக் கட்டுரைத் தொகுப்புக்கு ஒரு கூட்டம் நடந்தது. மூன்றாம் வீட்டுப் பெண் வந்திருந்தார். இப்போது தலை நரைத்த ஸ்கூல் டீச்சர். முடி கொட்டவில்லை. "அந்த லிஸ்பன் கதை இன்னும் ஞாபகம் இருக்கு சார். எப்படித்தான் கண்டுபிடிச்சீங்களோ!" என்றார். "எழுதறவனுக்குக் கண்ணு அப்படி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆக, உண்மையைச் சொல்லாமல் விட்டது இரண்டாவது முறை.

மூன்று நாள் கழித்து அவருக்கு ஃபோன் செய்து சொன்னேன். கவரைப் பிரித்தது நான். மாமாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் மழை என்றார்.

 டீச்சர் குரலில், "எங்கப்பா சாகற வரைக்கும் அவரை ரோட்ல பாத்தாகூட மூஞ்சத் திருப்பிக்குவாரு" என்றார். நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். "என்கிட்ட எதுக்கு சார்? அவர் பொண்ணு இன்னும் ஒக்கலிபுரத்துலதான் இருக்கா. எங்க ஸ்கூல்லதான் அவ பேத்தி படிக்கிறா. நம்பர் அனுப்பறேன், பேசுங்க."

நம்பர் அந்த நிமிடமே வந்தது. ஒன்பது நாளாகிறது. முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று தெளிவாக எழுதிவைத்துக்கொண்டு பேசலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரை முடிந்துவிட்டது.