டைம்கீப்பர் தன் வக்கீலை நீக்கினார்

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்கப் போனால் முதலில் குதிகாலைப் பாருங்கள். விருந்தாளி வருகிறார் என்றால் முகத்தை யார் வேண்டுமானாலும் துடைத்துவிடுவார்கள். குதிகாலில்தான் கவனிப்பு தெரியும். டைம்கீப்பரின் குதிகால்கள் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சுத்தமாக, எண்ணெய் தடவி, தலையணைமேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தன. அதனால் அவருடைய தங்கையைக் குறை சொல்ல இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயிற்சி பெற்ற நர்ஸான என்னைவிடச் சில வேலைகளை அவள் நன்றாகச் செய்தாள். என்னைவிட இளையவள் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். தெருவில் எல்லோருக்கும் அவள் தங்கச்சியம்மா.

அவர் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர். கண்டக்டராகச் சேர்ந்து, பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் மைக்கோடு உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று சத்தம் போடுகிற வேலைக்கு வந்தார். மைக் கெட்டுப்போன நாளில் யாருக்கும் அது கெட்டது தெரியாதாம். அப்படி ஒரு தொண்டை. மகள் தொட்டிலில் இருந்தபோது மனைவி இறந்துவிட்டாள். ஒரு மாதம் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று வந்த தங்கை திரும்பிப் போகவே இல்லை. கல்யாணத்துக்கு வந்த வரன்களையும் தட்டிக் கழித்தாள். அந்தக் குழந்தையை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்ததும் அவள்தான். இதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பேசாததாலேயே அது வீட்டின் நடுவில் ஒரு பெரிய பீரோ மாதிரி நின்றது. எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் காலையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. காது நன்றாகக் கேட்கும், சொல்வது புரியும். பதில்தான் வராது. இன்னொரு சிக்கலும் உண்டு: எதைக் கேட்டாலும் தலை முன்னால் ஆடிவிடும். அவர் யோசித்து முடிப்பதற்குள் தலை ‘ஆமாம்’ போட்டுவிடும். இப்படி வருவது உண்டு, தலையாட்டலை நம்பாதீர்கள், இடது கையைப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருபவர் அவருடைய தங்கைக்கு விளக்கியிருந்தார். நானும் ஒரு நாள் தங்கச்சியம்மா முன்னால் செய்து காட்டினேன்.

“சார், நீங்க இன்னிக்கு மாடி ஏறி குதிச்சீங்களா?”

தலை ஆடியது.

“உங்க தங்கச்சிக்குத் தாடி இருக்கா?”

தலை ஆடியது. அவருடைய வாயின் இடது பாதி சிரித்தது.

“போங்கக்கா, நீங்க ஒண்ணு,” என்று அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு அன்று மதியமே, “அண்ணா, ஜன்னலைச் சாத்திடவா? காத்து ஆகாதுல்ல?” என்று கேட்டாள். தலை ஆடியது. ஜன்னல் சாத்தப்பட்டது.

அந்த ஜன்னல் எப்போதும் சாத்தித்தான் இருக்கும். சக்கர நாற்காலி கதவுக்குப் பின்னால் மடங்கி நிற்கும், அதன்மேல் துவைத்த துண்டுகள் தொங்கும். ஒரு முறை நாற்காலியில் உட்கார வைத்தபோது அவர் பக்கவாட்டில் சரிந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றோடு நாற்காலிக்கு விடுமுறை. பார்க்க வந்த பழைய டிரைவர்களை அவள் வாசலிலேயே நிறுத்தி, “அண்ணன் தூங்குறாருப்பா” என்று அனுப்பிவிடுவாள். உள்ளே அண்ணன் கண்ணை அகல விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெல்ட் போட்டு மெதுவாக உட்கார வைக்கலாம், நானிருக்கிறேன் என்று பலமுறை சொன்னேன். “அண்ணனுக்குப் பயம்கா” என்பாள். பயம் யாருக்கு என்று நான் கேட்டதில்லை. வேலைக்குப் போன வீட்டில் எதை எப்போது கேட்பது என்று ஒரு அளவு உண்டு.

ஆடியோ புத்தகம் வந்தது அவளுடைய கையால்தான். வெளியூரில் இருக்கும் மகள், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். தங்கச்சியம்மா கண்ணாடியைத் தேடாமல், கொடி பறக்கும் ஒரு பெரிய கட்டடத்தின் படத்தைத் தொட்டாள். ஏதோ வரலாற்றுப் பாடம் என்று நினைத்தாள். அது ராணுவக் கோர்ட்டில் நடக்கும் மர்மக் கதை. ஒரு சிப்பாய் காவல் இடத்தை விட்டுப் போனான் என்று வழக்கு, அவனைச் சிறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள், உண்மையை மேலதிகாரிகள் மறைக்கிறார்கள். கதையை வாசித்த ஆளுக்கு எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரல். முதல் அத்தியாயம் முடிந்ததும் அவள் அணைக்கப் போனாள். டைம்கீப்பரின் இடது கை நீண்டு போனைப் பிடித்துக்கொண்டது. நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கை தானாக ஒன்றைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு வரிசையாக அதே வகைக் கதைகள்தான். போனை அவருடைய இடது பக்கம் ஒரு தாங்கியில் நிறுத்தினேன். கட்டைவிரலால் ஓட விடவும், நிறுத்தவும், கொஞ்சம் பின்னால் தள்ளவும் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார். எனக்கும் வசதியாக இருந்தது. முதுகில் புண் வராமல் இருக்க அவரை அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அரசுத் தரப்பு பேசும்போது இடது புறம், எதிர்த்தரப்பு பேசும்போது வலது புறம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். கூண்டில் நிற்பவன் பேசினால் மட்டும் திருப்பவே கூடாது, தோளை விறைப்பாக வைத்துக்கொள்வார்.

தங்கச்சியம்மா தரையில் பாய் போட்டு, முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வாள்.

“எப்பப் பாரு ஜெயிலு, பூட்டு, விசாரணை. இவனுங்களுக்கு வேற பொழப்பே இல்லையா? நான் தூங்கப் போறேன்.”

“தூங்குங்க. அந்த மேஜர்தான் பொய் சொல்றான்னு எனக்குத் தோணுது,” என்பேன்.

“மேஜர் இல்லக்கா, கிளார்க்கு. சாவி அவன்கிட்டதான இருந்துச்சு?” என்று பாயிலிருந்து பதில் வரும்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு மகள் ஒரு முடிவோடு வந்தாள். அவளுடைய ஊருக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லம். தினமும் உடற்பயிற்சி தருகிறார்கள், சக்கர நாற்காலியில் வெளியே தள்ளிக்கொண்டு போகிறார்கள், இப்போது ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. மூன்று நாளுக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அவர் போனால் எனக்கு அந்த வேலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பேச்சு சமையலறையில் தொடங்கிக் கூடத்துக்கு வந்து கடைசியில் அவருடைய அறைக்குள்ளேயே வந்துவிட்டது. நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கஞ்சியைக் கெட்டியாக, கரண்டியில் பாதி மட்டும் எடுத்து, ஒவ்வொரு வாயும் இறங்கிய பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். கதை ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சியம்மா வந்ததும் அதை அணைத்தாள்.

“என் உசிரு இருக்கிற வரைக்கும் எங்கண்ணனை ஹாஸ்டல்ல தள்ள விடமாட்டேன்.”

“ஹாஸ்டல் இல்லை அத்தை. உங்களுக்கும் முடியலை, மூட்டு வலியில நீங்க ராத்திரி முனகுறது போன்லயே கேக்குது.”

“நான் முனகுறேன், பாடுறேன், உனக்கென்னடி? அண்ணனுக்கு என் கைச்சோறுதான் இறங்கும். அண்ணனுக்கு வெளியாளுங்க தொட்டாப் பிடிக்காது.”

நான் கரண்டியைப் பார்த்தேன். கரண்டி என் கையில் இருந்தது.

“நர்ஸக்கா வெளியாள் இல்ல,” என்று உடனே சேர்த்துக்கொண்டாள். “அண்ணனுக்கு இந்த ரூம்தான் எல்லாம். அண்ணா, நீ இங்கேயேதான இருப்ப?”

தலை ஆடியது.

“பாத்தியா!”

மகளுக்கு முகம் தொங்கிப்போனது. அப்பாவே சொன்ன பிறகு என்ன செய்வது என்று அவள் கைப்பையை எடுத்தாள். அந்தத் தலையாட்டல் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் வாதம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது போன் ஓடத் தொடங்கியது. டைம்கீப்பரின் கட்டைவிரல் அதன்மேல் இருந்தது.

தங்கச்சியம்மா அணைத்தாள். அவர் மறுபடி ஓடவிட்டார். “கதை அப்புறம் கேக்கலாம்ணா,” என்று மறுபடி அணைத்தாள். அவர் பின்னால் தள்ளும் பொத்தானை அழுத்தினார், ஒரு முறை, இரண்டு முறை, இன்னும் ஒரு முறை. நெற்றியில் வேர்வை வந்துவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“விடுங்க அத்தை, என்னன்னுதான் கேப்போம்,” என்றாள் மகள்.

ஜலதோஷக் குரல் பேசியது. கூண்டில் நிற்கும் சிப்பாய் நீதிபதிகளிடம் சொல்கிறான்: ‘ஐயா, எனக்காக வாதாடும் இந்த அதிகாரி நல்லவர். எனக்காகத் தூக்கம் கெட்டவர். ஆனால் இங்கே வந்த நாள் முதல் அவர் சொன்னது எதுவும் நான் சொன்னதில்லை. தயவுசெய்து அவரை விலக்கிவிடுங்கள். எனக்கு நானே பேசிக்கொள்கிறேன்.’

விரல் நிறுத்தியது. பின்னால் தள்ளியது. குரல் அதையே மறுபடி சொன்னது. மூன்றாவது முறையும் சொன்னது.

மகளுக்குப் புரியவில்லை. அவள் கதைகளைக் கேட்டதில்லை. பாயில் முதுகைக் காட்டிப் படுத்து அத்தனையையும் கேட்டவளுக்குப் புரிந்துவிட்டது. தங்கச்சியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் என்னண்ணா தப்பா பேசினேன்?” என்றாள்.

தலை ஆடியது. இந்த முறை அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் மகளைக் கூப்பிட்டு, அவருடைய இடது கைக்குள் அவளுடைய விரலை வைத்தேன். “சார், அவசரம் இல்ல. இல்லத்துக்குப் போகணும்னா விரலைப் பிடிங்க. இங்க இருக்கணும்னா விட்டுடுங்க.”

அவர் பிடித்தார். மகளின் விரல் நுனி வெளுத்தது.

ஒரு தடவை போதாது. கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்க வேண்டும், அப்போதுதான் உறுதி. அதைத் தங்கச்சியம்மாவே செய்தாள். யாரும் சொல்லவில்லை. மகளைத் தள்ளிவிட்டுத் தன் விரலை அந்தக் கைக்குள் வைத்தாள்.

“இங்கயே என்கூட இருக்கணும்னா பிடிண்ணா.”

காத்திருந்தோம். அந்தக் கை விரிந்தபடியே கிடந்தது. அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நான் துடைத்தேன், காதுக்குள் ஈரம் தங்கினால் புண்ணாகும். அவள் விரலை உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்துக்கொண்டு, கிண்ணத்தைப் பார்த்து, “கஞ்சி ஆறிப்போச்சு. சூடு பண்ணித் தரேன்,” என்று உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரம் ஏதோ விழுந்தது.

வண்டி வரும்வரை அவள் அவரோடு பேசவில்லை. ஆனால் ஒரு வேலையும் குறையவில்லை. நகம் வெட்டினாள், சட்டைகளுக்குப் பொத்தான் பார்த்தாள், சக்கர நாற்காலியின் மேலிருந்த துண்டுகளை எடுத்து மடித்து வைத்தாள். ஸ்ட்ரெச்சரைத் தூக்க வந்தவர்களிடம், “வலது தோளைப் பிடிச்சு இழுக்காதீங்கப்பா, கழண்டுக்கும்” என்றாள். அது சரியான எச்சரிக்கை.

மகள் அவளையும் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். வேறு வழியில்லை. மாடியில் ஒரு சின்ன அறை, சமையலறையில் அவளுக்கு வேலையில்லை. நான் எப்போதாவது அந்த இல்லத்துக்குப் போய்ப் பார்ப்பேன். அவர் பெரிதாகத் தேறிவிட்டார் என்று பொய் சொல்லமாட்டேன். பேச்சு வரவில்லை, வராது. பெல்ட் போட்டு நாற்காலியில் உட்கார்கிறார். கூரை போட்ட நடைபாதையில் நிழல் இருக்கும்வரை இருக்கிறார், பிறகு யாராவது தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அந்த ‘யாராவது’ வரும்வரை ஈ உட்கார்ந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் ஒரு பழைய அச்சகக்காரர். இவருடைய கதைகளை அவரும் கேட்கிறார், தீர்ப்பு வருவதற்குள் சத்தமாகத் தண்டனை கொடுத்துவிடுகிறார். “தூக்குல போடுங்கய்யா அந்த கர்னலை!” டைம்கீப்பர் இடது கையால் அவரைச் சும்மா இருக்கச் சொல்வார்.

பார்வையாளர் நேரத்தில் தங்கச்சியம்மா தினமும் வருகிறாள். நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். நர்ஸ் வந்து எதையாவது கேட்டால் அவளுடைய வாய் திறக்கும், “அண்ணனுக்கு” என்று ஆரம்பிக்கும். அங்கேயே நிறுத்திக்கொள்வாள். வருகை நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி வந்து நிற்கும்போது எழுந்து போகிறாள்.

போன முறை வாசல்வரை என்னோடு நடந்து வந்தாள்.

“அக்கா, நான் தினமும் வர்றது அண்ணனுக்குப் பிடிச்சிருக்கா, இல்ல தொந்தரவா இருக்கா? நீங்க கேட்டுச் சொல்லுங்களேன்.”

“நான் எதுக்கு? உங்க விரலை வெச்சு நீங்களே கேளுங்க.”

“கேக்கலாம்,” என்றாள். புடவைத் தலைப்பால் ஆள்காட்டி விரலைச் சுற்றிக்கொண்டாள். “கேக்கலாம்தான்.”

இன்றுவரை அவள் கேட்கவில்லை. வருவதையும் நிறுத்தவில்லை.