ஒதியம்போவின் இதர வரவுகள்

செய்தி வந்தபோது நான் படப்பைக் கடைத்தெருவில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஒதியம்போவின் மூத்த மகள் கைப்பேசியில் அனுப்பியிருந்தாள். அப்பா காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார், நேற்றுச் சாப்பாட்டின்போதுகூட உங்கள் ஊர்க் கதையைச் சொல்லித்தான் எங்களைச் சிரிக்க வைத்தார் என்று எழுதியிருந்தது. காய்க்காரம்மா என் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா, ஒரு மாதிரி ஆயிட்டே?" என்றாள். எங்கள் வீட்டு ஆள் ஒருத்தர் போய்விட்டார் என்றேன். எந்த ஊரில் என்று கேட்டாள். கென்யாவில் என்றதும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேட்ட விலைக்கே காயைப் பையில் போட்டு, "போய் வூட்ல கொஞ்சம் படும்மா" என்று அனுப்பினாள்.

கல்லூரி நண்பர்களுக்கும் சேரப்பணஞ்சேரிக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. இரண்டு வரி அப்படி எழுதிப் பார்த்தேன். யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதுவது போல இருந்தது. என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவன். அவன் என்றே இருக்கட்டும்.

அப்போது நான் தண்டலம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் கணித ஆசிரியை. அவன் மின்பொறியியல் மேற்படிப்புக்கு வந்தவன். உதவித்தொகை உண்டு, ஆய்வக வகுப்பு எடுத்ததற்குக் கல்லூரி தனியாகக் கொஞ்சம் கொடுத்தது. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தான். ஒதியம்போ என்ற பெயர் எங்கள் ஜனங்கள் வாயில் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. ஒட்டியம்பாக்கம் என்று ஓர் ஊர் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும்போது நாக்கைச் சிரமப்படுத்துவானேன்? 'ஒட்டியம்பாக்கம் சார்' ஆகிவிட்டான். தமிழை அவன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் கற்றுக்கொண்டான். அதனால் முதல்வர் அறைக்குள் போய்க்கூட "இன்னா சார், நல்லாக்கிறீங்களா?" என்றுதான் கேட்பான். முதல்வரும் வேறு வழியில்லாமல், நல்லாத்தான் இருக்கேன் என்பார்.

1991 அக்டோபரில் அவனுக்குக் கல்யாணம். பெண் கிரேஸ், கென்யாவில் அவனுடைய ஊரான கிசுமுவில் இருந்தாள். ஒரு முறை தேர்வினால், இன்னொரு முறை விடுப்பு கிடைக்காததால், ஏற்கெனவே தள்ளிப்போன கல்யாணம் அது. இந்தத் தடவையும் மாப்பிள்ளை வரவில்லை என்றால் பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துவிடுவேன் என்று அவளுடைய அப்பா கறாராகச் சொல்லியனுப்பியிருந்தார். வெளிநாட்டுக்காரர் இங்கே தங்கிப் படித்துவிட்டோ வேலை பார்த்துவிட்டோ புறப்பட வேண்டுமானால், அந்தக் காலத்தில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் போதாது. வருமான வரி பாக்கியில்லை என்ற சான்றிதழும் கையில் வேண்டும். இல்லையென்றால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். போதாக்குறைக்கு, அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து முகவரி போட்ட வெளிநாட்டுக்காரர் காகிதம் என்றால் எல்லா அலுவலகத்திலும் இரண்டு முறை புரட்டினார்கள்.

நாங்களெல்லாம் வரிப் படிவத்தைக் கண்டால் கஷாயத்தைக் கண்ட குழந்தை போல முகத்தைச் சுளிப்போம். அவனோ ஆசிரியர் அறைக்குள் அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, என்னையும் கணக்குல சேத்துக்கினாங்க!" என்று ஒரே கூச்சல். வரி கட்டுவதில் இத்தனை சந்தோஷமா, உனக்கு மூளை கலங்கிவிட்டதா என்று கேட்டேன். "வரி கட்றவன் விருந்தாளி இல்லக்கா, வூட்டு ஆளு" என்றான். அன்று எங்கள் அறையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அந்தப் பாவத்துக்கோ என்னவோ, கணக்கு டீச்சர்தானே என்று என் தலையிலேயே படிவத்தைக் கட்டினான்.

மெட்ராஸ் வரி அலுவலகத்துக்கு அவனோடு நானும் போனேன். அதிகாரிக்கு மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த, சிரிப்பே தெரியாத முகம். உதவித்தொகைக்கு வரியில்லை என்று ஒரு பக்கம் தள்ளினார். ஆய்வக வகுப்புக்கு வாங்கியதைக் குறித்துக்கொண்டார். அடுத்த தாளுக்கு வந்ததும் நிமிர்ந்தார். "இது என்னங்க? இதர வரவுகள்: பூசணிக்காய், வேட்டி, கோழி இரண்டு, அதில் ஒன்று ஓடிவிட்டது?"

எனக்குப் பகீரென்றது. ஊரில் யார் வீட்டு பம்புசெட் நின்றாலும் இவன்தான் போய்ச் சரிசெய்வான். காசு வாங்க மாட்டான் என்பதால் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார்கள். அத்தனையையும் எனக்குத் தெரியாமல் தனித்தாளில் எழுதிச் சேர்த்திருக்கிறான், கடன்காரன்!

"ஒண்ணும் மறைக்கக்கூடாதுன்னு ஃபாரத்துல போட்டுக்கீதே, சார்" என்றான்.

"ஓடாத கோழி என்ன ஆச்சு?"

"கொழம்பு வெச்சிட்டாங்க, சார்."

"நீங்களும் சாப்பிட்டீங்களா, மேடம்?" என்று என் பக்கம் திரும்பினார். தலையாட்டினேன். அப்புறம்தான் அந்த மனிதர் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டிச் சிரித்தார். கோழிக்கு வரி கிடையாது, போய்க் கல்யாணத்தைப் பண்ணு என்றார். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் சான்றிதழ் கைக்கு வந்தது. விஜயதசமியன்று பிற்பகல் விமானம்.

சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டில் என் கணிதப் புத்தகங்கள், என் கணவரின் ஸ்பேனர்கள், அரிவாள்மனை வரை எல்லாவற்றையும் அலம்பிப் பொட்டு வைத்து அடுக்கியிருந்தோம். என் மாமியார் அவனிடம், "உனக்கு எது முக்கியமோ அத்த வெய்யிப்பா" என்று சொல்லியிருக்கிறார். மாடியிலிருந்து பாஸ்போர்ட், டிக்கெட், வரிச் சான்றிதழ் மூன்றையும் கொண்டுவந்து பயபக்தியோடு வைத்துவிட்டான். ஞாயிறு தவறாமல் படப்பை சர்ச்சுக்குப் போகிறவன், இதையும் விடமாட்டான். அத்தை அவற்றுக்கும் சந்தனம் குங்குமம் தாராளமாக அப்பினார்.

வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. எங்கள் வீட்டு மறுபூஜை நடுப்பகலில்தான் நடக்கும். அவனோ பத்து மணிக்குள் காரில் ஏறியாக வேண்டும். சாயங்காலம் காபி ஆற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் காகிதத்தை எடுக்கப் போனேன். அத்தை குறுக்கே நின்றார். "வெச்சத எடுத்தா படிப்பு போயிடும்டி!"

"எடுக்கலைன்னா கல்யாணம் போயிடும் அத்தை!" என்று நானும் கத்தினேன். யாருக்காக நான் கத்துகிறேனோ, அந்தப் புண்ணியவான் அத்தை பக்கம் போய் நின்றுகொண்டான். "பெரியம்மா சொல்றதுதான் கரெக்டு. வெச்சது வெச்சதுதான்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்பேனராலேயே ஒரு போடு போட்டிருப்பேன்.

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் அரிசியும் பருப்பும் எடுத்து வைத்தார். "நடுப்பகல்ல தான் பசிக்கணுமா? சாமிக்குக் காலைல பசிக்காதா இன்னா?" என்றார். அந்த வீட்டில் அவர் கால் வைத்த நாளிலிருந்து மாறாத நேரத்தை அப்படி மாற்றினார். விடிந்தும் விடியாமல் பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, சான்றிதழை அவன் கையில் கொடுத்தார். அதிகாரியின் முத்திரைமேல் குங்குமம் ஈரமாக இறங்கியிருந்தது. ஊதி ஊதிப் பார்த்தேன், போகவில்லை. செல்லாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று மீனம்பாக்கம் வரை புலம்பிக்கொண்டே வந்தேன். வாழைக்கன்று கட்டிய அம்பாசிடரில் அவன் முன்சீட்டில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே வந்தான்.

விமான நிலைய வாசலில் அவன் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். "எப்போ வருவே?" என்றேன். பதிலே சொல்லாமல் என்னைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான்.

உள்ளே நடந்ததை அவன் பிற்பாடு எத்தனை முறை நடித்துக் காட்டினான் என்று உங்களுக்கே தெரியும். குடியேற்ற அதிகாரி சான்றிதழைப் புரட்டினாராம். முத்திரை சரியாகத் தெரியவில்லை. விரலால் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தாராம். பாஸ்போர்ட்டைப் பார்த்து, ஆளைப் பார்த்து, "எந்த ஊருப்பா நீ?" என்று தமிழிலேயே கேட்டாராம். "சேரப்பணஞ்சேரி சார், படப்பையாண்ட. காலைலதான் பூஜ முடிஞ்சிது." அவர் சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தாராம்.

கல்யாணத்தன்று காலையில்தான் கிசுமு போய்ச் சேர்ந்தான். சட்டைப் பையிலிருந்த சான்றிதழ்க் குங்குமம் வேர்வையில் கரைந்து மார்பெல்லாம் சிவப்பு. அடித்துவிட்டார்களோ என்று மாமனார் பதறிப்போனாராம். மூன்றாம் மாதம் கிரேஸோடு எங்கள் மாடி அறைக்குத் திரும்பி வந்தான். அன்றுதான் வாசலில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான்: "வந்த நாள்லேந்து எல்லாரும் எப்போ போவேன்னுதான் கேட்டாங்க. காலேஜ்லயும் அதே, ஆபீஸ்லயும் அதே. எப்போ வருவேன்னு நீதாங்க்கா மொதல்ல கேட்டே." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். இன்று ஒரகடம் சாலையில் எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருக்கும் ஒடிசாப் பையன் ஊருக்குப் போகிறேன் என்றால், எப்போ வருவே என்று கேட்காமல் நான் இறங்குவதில்லை. அந்த முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்கவே கேட்கிறேன்.

நேற்று கிரேஸுடன் பேசினேன். அழுதோம், சிவந்த சட்டையை நினைத்துச் சிரித்தோம். போனை வைக்கும்போது, பழக்க தோஷம், "எப்போ வருவே?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது? நாக்கைக் கடித்துக்கொண்டேன்.  அவளோ, எத்தனையோ வருடமாகப் பேசாத தமிழில் மெதுவாகச் சொன்னாள்:

"டிசம்பர்ல வரேங்க்கா. மாடி ரூமைக் கூட்டி வெய்யி."