மேடை நீங்கலாக ஓர் உத்தரவு

தாமிரபரணி கரையை மீறிய அந்த வருஷம் நான் தாசில்தாராக இருந்தேன். சீவலப்பேரிப் பக்கம் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறிவிட்டது. ஜீப்பிலும் டிராக்டரிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்த கல்யாண மண்டபத்துக்குப் போனேன். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மறுநாள் காலை முகூர்த்தம்.

கலெக்டர் சொல்லிவிட்டார், கதவைத் திறங்கள் என்றேன். மண்டபத்து அண்ணாச்சி உடனே திறந்தார். பெண்ணின் அப்பாதான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியாயிற்று. கல்யாணம் நின்றால் சகுனம் பார்ப்பார்களே என்று அவருக்குப் பயம்.

கல்யாணப்பெண் மருதாணிக் கையோடு வந்தாள். திருநெல்வேலி கோர்ட்டில் வக்கீலாம். உத்தரவை எழுத்தில் கேட்டாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வெள்ளம் வாசலில் நிற்கிறது, இவள் சட்டம் பேசுகிறாள். மண்டபம் முழுவதையும் மறு உத்தரவு வரும்வரை எடுத்துக்கொள்வதாக விறுவிறுவென்று எழுதி நீட்டினேன்.

வாசித்துவிட்டு, "மணமேடையில யாரு படுக்கப் போறா மேடம்? வேணுங்கிறத மட்டும் எடுங்க. தண்ணி வடியுத வரைக்கும்னு எழுதுங்க" என்றாள்.

ஆபத்துக் காலத்தில் அரசாங்கத்தின் கை நீளலாம், தேவைக்கு மேல் நீளக் கூடாது என்று பயிற்சியில் நானும் படித்தவள்தான். மேடையையும் சமையல்கட்டையும் விட்டுவிட்டு, தண்ணீர் வடியும்வரை மட்டும் என்று திருத்திக் கொடுத்தேன்.

மறுநாள் முகாம் ஆட்கள் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு அட்சதை போட்டார்கள். வெள்ளத்தால் வர முடியாத உறவுக்காரர்களின் இடமெல்லாம் நிறைந்திருந்தது. பெண்ணின் அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதற்கடுத்த நாள் தண்ணீர் வடிந்துவிட்டது. அன்று மாப்பிள்ளைக்குச் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் வைக்கும் அந்தக் குழம்பை எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் நெருங்கிய சொந்தங்களை உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். வெளியாட்கள் இருக்க வேண்டாம் என்று காலையிலேயே ஜீப்போடு போய், எல்லோரையும் கிளம்பச் சொன்னேன். உத்தரவுப்படி மண்டபத்தை ஒப்படைப்பதாகச் சற்று மிடுக்காகவே அறிவித்தேன்.

புதுப்பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"தண்ணிதான் வடிஞ்சிட்டுல்லா மேடம். இனி இவங்கள அனுப்புததுக்கு உங்களுக்கு அதிகாரம் கிடையாது. எங்க வீட்டு ஆளுக, சாப்பிட்டுத்தான் போவாங்க."

அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு நானும் பந்தியில் உட்கார்ந்தேன்.