கொடிக்கு மூன்று பேர்

நான் ஒரு சங்கத்தை மூடினவள். மூடவேண்டும் என்று போகவில்லை, ஒழுங்காக்கவேண்டும் என்றுதான் போனேன். அதுவும் எங்களுடைய சங்கம் இல்லை. போலந்துக்காரருடையது.

2009 முடிகிற நேரம் பாரிசில் லா சப்பலுக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயசு. அந்த நாட்களில் எனக்குத் தெரிந்த பெரியவர்கள் எல்லாரும் ஏதாவதொரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அல்லது கூட்டத்திலிருந்து கோபித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவின் ஊர்ச்சங்கம் இரண்டாக உடைந்தது. இரண்டும் கலண்டர் அடித்தன. ஒருவரையும் பகைக்க விரும்பாத அப்பா இரண்டையும் குசினிச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். சங்கம் என்றால் எனக்கு அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை. பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு நுனியில் அம்மா, மற்ற நுனியில் ஒரு போலந்துப் பெண். பத்து வருசமாக எதிரெதிரே நின்று மடித்ததில் இருவருக்கும் மற்றவரின் வீட்டுக் கதை முழுக்கத் தெரியும். அந்தப் பெண் இங்கே பிறந்தவள். தகப்பன் சிறுவயதில் போலந்திலிருந்து வடக்கே நிலக்கரிச் சுரங்க ஊருக்கு வந்து, பிறகு ரயில்வே வேலைக்காகப் பாரிசுக்கு வந்தவர். அவர்களுடைய சங்கத்தின் செயலாளர் செத்துப்போக, கடிதம் அடிக்க ஆளில்லை. நான் சென் தெனி பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருசம், ஆய்வுக்கு ஒரு சங்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

“என்ரை மகள் அடிப்பாள்” என்று அம்மா சொல்லிவிட்டு வந்தார்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் அறை. மாதத்தின் முதல் ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள், கசகசா உருட்டி வைத்த கேக்கோடு. கண்ணாடிக் கிளாசில் பால் இல்லாத தேநீர். அலுமாரியைத் திறந்து கொடியைக் காட்டினார்கள். ஒரு பக்கம் சிவப்புப் பட்டில் வெள்ளைக் கழுகு, மறுபக்கம் மாதா. கம்பு நெடுகச் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். கொடியை ஆசீர்வதித்த நாளில் அதற்கு ஞானத்தாயும் ஞானத்தந்தையும் இருந்தார்களாம். துணிக்கு ஞானஸ்நானமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் தகப்பன்தான் நாற்பது வருசமாகக் கொடி பிடிப்பவர். கொடிக்கு எப்போதும் மூன்று பேர்: நடுவில் ஒருவர் பிடிக்க, இரண்டு பக்கமும் காவலுக்கு ஒவ்வொருவர். தோளில் பட்டி, கையில் வெள்ளைக் கையுறை. அங்கத்தவர் ஒருவர் இறந்தால் மூவரும் கொடியோடு கல்லறைக்குப் போவார்கள். பெட்டி இறங்கும்போது கொடி மூன்று தரம் தாழும். அவர் எத்தனையோ பேருக்குத் தாழ்த்தியிருக்கிறார். இப்போது நெஞ்சிலே தண்ணீர் கட்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்தார்.

“அவருக்கு வேறை ஒரு ஆசையும் இல்லை” என்றாள் மகள். “அந்தக் கொடி வரவேணும். அவ்வளவுதான்.”

எனக்கு அது பற்றிக்கொண்டது. கண்ணில் பட்ட புத்தகமெல்லாம் எடுத்து வாசித்தேன். போலந்தை மூன்று பேரரசுகள் பங்குபோட்டு நாடே வரைபடத்தில் இல்லாமல் போன காலத்தில், பாட்டுச் சங்கம், உடற்பயிற்சிச் சங்கம், வாசிகசாலை, பெண்களின் இரகசிய வகுப்பு என்று சங்கம் சங்கமாக நின்றுதான் மொழியை அடுத்த தலைமுறைக்குக் கடத்தினார்கள். சுரங்க வேலைக்கு வந்தவர்களும் முதலில் செய்தது அதைத்தான். ஒரு தெரு என்றால் ஒரு பாட்டுக்குழு, ஒரு நாடகக்குழு, சுகமில்லாதவனுக்குக் கொடுக்க ஒரு உதவி நிதி, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கொடி. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் இந்தக் கொடியையும் கரிச் சாக்கில் சுற்றி நிலவறையில் வைத்தார்களாம்.

இதை நான் சோற்றுக் கோப்பையோடு நின்று மூச்சு விடாமல் சொல்ல, அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்களிட்டையும் சங்கம் இருக்குத்தானே” என்றார். “ரெண்டு இருக்கு.”

“அவை உடையேல்லை அப்பா.”

“நீ ஒருக்கால்தானே போனனீ. பொறு, உடைவினம்.”

அவர்கள் உடையவில்லை. நான்தான் உடைத்தேன்.

கோப்புகளைப் பார்த்தபோது, பிரெபெக்சர் என்ற அரச அலுவலகத்தில் பதிவாகியிருந்த தலைவர் இறந்து வருசக்கணக்காகியிருந்தது. உண்மையான தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எந்தக் கூட்டத்துக்கும் கழுத்துப்பட்டி கட்டி வருபவர். அவர் பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லை. இப்படியே விட்டால் ஒருநாள் அறையையும் பறித்துவிடுவார்கள் என்று எனக்குப் பட்டது. பொதுக்கூட்டம் ஒன்றை முறைப்படி கூட்டி, புதிய நிர்வாகத்தைத் தெரிவுசெய்து, பதிந்துவிட்டால் எல்லாம் சரி.

“அப்பாவின்ரை காரியம் முடியும்வரைக்கும் இப்படியே கிடக்கட்டுமே” என்றாள் மகள்.

“மதாம், ஒரு மாசத்திலை முடிச்சுத்தாறன்” என்றேன். எனக்கு அப்போது எதையும் ஒரு மாதத்தில் முடிக்கலாம்.

பழைய பட்டியலில் இருந்த எல்லாருக்கும் பதிவுத்தபாலில் அழைப்பு அனுப்பினேன். இப்படியான சங்கங்களுக்கெல்லாம் மேலே வடக்கிலுள்ள தாய்ச் சம்மேளனத்துக்கும் ஒரு பிரதி. ஒருவரும் கேட்கவில்லை. அது அழகாக இருக்கும் என்று நானே அனுப்பினேன். ஒரு கிழமையில் கடிதங்கள் திரும்பத் தொடங்கின. ‘இந்த விலாசத்தில் இல்லை.’ ‘காலமானார்.’ அம்மா தபால்பெட்டியிலிருந்து எடுத்துவந்து மேசையில் அடுக்கிவிட்டு, “பிள்ளை, செத்த சனத்துக்கே கையெழுத்து வேண்டி எழுதினனீ?” என்றார்.

கூட்டத்தன்று சம்மேளனத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். நான் ஒழுங்கு கேட்டேன் என்பதற்காகத் தலைவர் எழுந்து சங்கத்தின் விதிகள் எழுதிய யாப்பை முதலிலிருந்து வாசித்தார். போலிஷ் மொழியில் வாசித்து, எனக்காகப் பந்தி பந்தியாகப் பிரெஞ்சிலும் சொன்னார். கூட்டம் நடத்துகிற பந்திகளை மட்டும்தான் நான் முன்பு மகளிடம் கேட்டு எழுதியிருந்தேன். கடைசிப் பந்தி எனக்குப் புதிது. அங்கத்தவர் பதினைந்துக்குக் கீழே போனால் சங்கம் கலையும், அதன் சொத்துகள் சம்மேளனத்துக்குச் சேரும்.

வந்தவர்கள் ஒன்பது பேர், படுக்கையில் இருந்தவரோடு பத்து, என்னோடு பதினொன்று. நான் அங்கத்தவரும் இல்லை.

கேக்கை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“இதைக் குறிப்பில் எழுதாமல் விடலாம்” என்றேன். “இன்று வரவேண்டியவர்கள் வரவில்லை, கூட்டத்தைத் தள்ளிவைத்தோம் என்று எழுதுவோம். அதற்குள் நான் ஆள் சேர்க்கிறேன். என் வகுப்பில் கேட்டாலே ஆறு பேர் வருவார்கள்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. “நாடே இல்லாத காலத்திலும் எங்கள் ஆட்கள் கூட்டக் குறிப்பில் பொய் எழுதியதில்லை, மத்மோசெல்” என்றார்.

பிறகு சங்கத்தைக் கலைக்கும் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். ஒன்பது கைகளும் உயர்ந்தன. மகளுடைய கையும்தான், கடைசியாக. குறிப்பை எழுதியது நான். என் கையெழுத்து அந்தப் பக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு கிழமையில் ஒரு வான் வந்தது. சம்மேளனத்து ஆள் மிக மரியாதையானவர். கையுறை போட்டு, கொடியை அமிலமில்லாத கடதாசியில் சுற்றி, நீளப் பெட்டியில் வைத்து, எனக்கு ஒரு பற்றுச்சீட்டும் தந்தார்.

அதன் பின் நான் செய்யாத வேலை இல்லை. கடிதம் எழுதினேன், தொலைபேசி எடுத்தேன், பேராசிரியரிடம் சொல்லி அவரையும் எழுதவைத்தேன். ஒரே ஒரு நாளுக்கு, ஒரே ஒரு அடக்கத்துக்கு இரவல் தாருங்கள் என்று கேட்டேன். பட்டு நைந்துவிட்டது, வெளியே எடுக்கமுடியாது என்று பதில் வந்தது. வேண்டுமானால் வேறொரு சங்கத்தின் கொடியை அனுப்பலாமாம். இரண்டு கிழமை முன்னதாகத் திகதியை அறிவிக்கவேண்டும்.

இதை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சலவை அறை வாசலில் நின்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

“திகதியை அப்பாட்டைக் கேட்டுச் சொல்லட்டோ?” என்றாள். பிறகு உள்ளே போனாள். கதவு மூடமுன் பார்த்தேன். அம்மாவும் அவளும் விரிப்பின் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள்.

வீட்டில் அம்மா ஒரு தரம்தான் சொன்னார்: “கடிதம் அடிக்கத்தானே பிள்ளை கேட்டவள்.” அப்பா எதுவும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

தகப்பனிடம் மகள் சொல்லவில்லை. வைத்தியர் அவரை எழும்பவேண்டாம் என்றிருக்கிறார், இதையும் கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயம். நீயும் சொல்லாதே என்றாள். நான் எல்லாவற்றையும் சொல்லிப் பழகினவள். இப்போது பன்னிரண்டாம் எண் மெட்ரோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், என்னவெல்லாம் சொல்லக்கூடாது என்று வழிநெடுக எண்ணிக்கொண்டு போகிறேன்.

போன முறை அவர் நல்ல தெளிவாக இருந்தார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னார். எல்லாம் யோசித்து வைத்திருந்தார். நடுவில் தலைவர் பிடிப்பார், அவருக்குக் கை நடுங்காது. இடப்பக்கம் மகள். வலப்பக்கம் நிற்கவேண்டியவருக்கு முழங்கால் சரியில்லை, அந்த மண் மேட்டில் நிற்கமாட்டார்.

“நீ நில்” என்றார். “நீதானே எங்கள் செயலாளர்.”

நான் தலையாட்டினேன். சப்பாத்து கறுப்பாக இருக்கவேண்டும், குதி உயரமாக இருக்கக்கூடாது என்றார். கொடி தாழும்போது காவலுக்கு நிற்பவர்கள் குனியக்கூடாது, நேரே பார்க்கவேண்டும் என்றார். பிறகு கையுறை வாங்க மகளிடம் சொல்லவேண்டும், என் அளவு என்ன என்று கேட்டார்.

ஆறரை என்று சொன்னேன். மறந்துவிடுவேன், எழுதித் தா என்று மருந்துச் சீட்டொன்றை நீட்டினார். அதிலும் எழுதிக்கொடுத்தேன்.