என் மண்டிக்கே போட்டி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கச்சிராயபாளையத்தில் என்னுடையதைவிடப் பெரிய புளி மண்டி எவனுக்கும் கிடையாது. அதனால்தான் இன்ஜினியரிங் மாணவர்களின் தொழில் யோசனைப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள்.

கல்வராயன் மலைப் பெண் ஒருத்தி, புளியில் கொட்டை எடுக்கும் இயந்திரத்தைக் காட்டினாள். அதை மலைக்கே கொண்டுபோனால், ஊர்க்காரர்களே சுத்தம் செய்து நேராகக் கடைகளுக்கு விற்கலாமாம்.

“அப்ப என் மண்டிக்கு இன்னா வேலை?” என்றேன்.

“ஒண்ணும் இல்லீங்க ஐயா. அந்த வேலைய நாங்களே பாத்துக்குவோம்.”

அரங்கமே சிரித்தது. எனக்குக் காது சூடேறியது. பக்கத்தில் நடுவராக இருந்த இன்னொரு வியாபாரி, “கம்மியா போடுண்ணா,” என்றார்.

முழு மார்க் போட்டேன்.

“பைத்தியமாண்ணா உனக்கு?”

“மண்டி வைக்க நான் எவனைக் கேட்டேன்? அந்தப் பொண்ணு மட்டும் என்னை இன்னாத்துக்குக் கேக்கணும்? வரட்டும், மோதிப் பாக்குறேன்!”

அவளிடம் தோற்றாலும் தோற்பேன். பயந்து ஜெயிக்கிற புத்தி மட்டும் எனக்கு வேண்டாம்.